லாபத்துக்கு அடுத்த எண்

அத்தியாயம் ஏழு

போன அத்தியாயத்தில் பூமாரியை அய்யம்மாள் வீட்டு வாசலில், மூடின கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்திருந்தோம். கையில் தராசு, கண்ணில் தண்ணீர்.

பட்டணத்துக் காலேஜில் உணவும் போஷாக்கும் படிக்கிற பெண். கோடை லீவில் சொந்த ஊரான கோம்பையில் வீடு வீடாகப் போய், யார் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று நிறுத்து எழுதி வர வேண்டும். அதுதான் காலேஜில் கொடுத்த வேலை. ஊர் என்ன சொன்னது? "திங்கிறதை அளந்தா ஒடம்புல ஒட்டாதுத்தா. கண்ணு பட்டுரும். தராசை எடுத்துக்கிட்டுப் போ." போன வீட்டிலெல்லாம் இதே பேச்சு.

அப்பா மொக்கைச்சாமி வைத்த பந்தயமும் நினைவிருக்கும்.

"இந்த ஊர்ல ஒரே ஒருத்தி உன்னைய வீட்டுக்குள்ள விட்டு அளக்கச் சொல்லட்டும். மேக்கொண்டு படிக்க அனுப்புறேன். இல்லையா, வைகாசியோட கம்பத்து மாமன் மகன் ஆதித்தனுக்குக் கழுத்தை நீட்டு. ஊருக்கு வேண்டாத படிப்பு நமக்கு எதுக்கு?"

இன்றைக்கு மத்தியானப் பஸ்ஸில் காலேஜிலிருந்து ஜெபராணி மிஸ் வருகிறார், பூமாரியின் வேலையைப் பார்க்க. காட்டுவதற்கு ஒரு வீடுகூட இல்லை.

விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் கர்ணன் கூழ்க் கும்பாவோடு உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டான்.

"என்ன தாயி, எலி விசயம் என்னாச்சு?"

"எந்த எலி?"

"நீலகிரி மலையில ஏதோ ஆராய்ச்சிக்கூடமாம்ல. வெள்ளெலிக்குச் சோறு போட்டு, எந்த ஊர்ச் சோறு தின்னா எம்புட்டு வளருதுன்னு பாக்குறாகளாம்ல. உங்க வகுப்புல ஒரு பொண்ணுக்குத்தான் அங்கன எடம்னு சொன்ன. எலிக்குச் சோறு போட மலை ஏறணுமா? நம்ம தானியக் குலுக்கைக்குள்ள எட்டிப் பாரு. என் வெள்ளாமையைத் தின்னு எம்புட்டு வளந்து கெடக்குதுக."

"அதுகளையும் பாத்துட்டேன்ணே. உன்னைய விடத் தெம்பா இருக்குதுக."

"சோத்துப் படிப்பு படிச்சா வாய் நீளும்போல."

மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கோம்பையில் யார் களத்தில் தானியம் குவிந்தாலும் படி பிடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் அளந்தால் குறையாது, கூடாது. அவர் போடுகிற முதல் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இன்றைக்கு அவருடைய சொந்தக் காட்டிலேயே கம்பு அறுப்பு.

"டீச்சரம்மா வரட்டும். மருவாதையாச் சாப்பாடு போட்டு அனுப்புவோம். என் பேச்சு பேச்சுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூமாரி தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். முற்றத்தில் அம்மா மாயக்காள் உரலைத் துடைத்துவிட்டுக் கம்பு அளந்து போட்டாள்.

"லாபம்" என்றாள். ஒரு படி விழுந்தது.

"ரெண்டு" என்றாள். "மூணு."

பிறந்ததிலிருந்து பூமாரி கேட்ட சொல். தொட்டிலில் கிடந்தபோதே காதில் விழுந்திருக்கும். ஒன்று என்று எந்த வீட்டிலும் அளக்கத் தொடங்க மாட்டார்கள். முதல் படிக்கு லாபம் என்றுதான் பெயர். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல் விழுந்த இடத்தில் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆத்தா, இப்ப என்ன செஞ்ச?"

"என்ன செஞ்சேன்? கம்பு அளந்தேன்."

"அளந்தா ஆகாதுன்னு ஊரே சொல்லுது. நீ அளக்குற?"

"கிறுக்கி, இது தவசம்டி. தவசத்தை அளந்தா பெருகும். கும்பாவுல விழுந்தப்புறம் அளந்தாத்தான் கண்ணு."

"உரல்ல போடும்போது அளக்கலாம். கும்பாவுல போட்டப்புறம் அளக்கக் கூடாது. அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான். இதைப் போயி என்னமோ புதுசாக் கேக்குற."

பூமாரிக்குச் சிரிப்பும் வந்தது, தன் மேலேயே கோபமும் வந்தது. பட்டணத்தில் சொன்னபடி தட்டில் விழுந்ததைத் தராசில் வைக்கப் போனாளே, அங்கேதான் தப்பு. உரலுக்குப் போவதை அளந்து, வீட்டில் இருக்கும் வாய்களால் வகுத்தால் போதாதா? மிஞ்சினது, நாய்க்குப் போனது, மாட்டுக்குப் போனது எல்லாம் கேட்டுக் கழித்துக்கொள்ளலாமே.

தராசைத் தூக்கி டிரங்குப் பெட்டிக்குள் போட்டாள். அம்மாவின் கையிலிருந்து படியைப் பிடுங்கினாள்.

"அடியே, என் படி."

"சாயந்தரம் தர்றேன் ஆத்தா."

"தலைகூடச் சீவாம எங்கடி ஓடுற?"

பதில் தெருவிலிருந்து வந்தது. என்னவென்று மாயக்காளுக்குக் கேட்கவில்லை.

அய்யம்மாள் அடுத்த தெரு. மொக்கைச்சாமி காட்டில் கூலிக்கு வருகிறவள். புருஷன் ஏலத்தோட்டத்து வேலைக்கு மலை ஏறிப் போனவர். நினைத்தால் வருவார், நினைத்தால் அனுப்புவார். வீட்டில் மாமியாரும் நாலு பிள்ளைகளும்.

"யாரது?"

"பூமாரி, அக்கா."

"தராசா?"

"தராசு பெட்டிக்குள்ள தூங்குது. படி கொண்டாந்திருக்கேன்."

கதவு கொஞ்சம் திறந்தது. "படி எதுக்கு?"

"உங்க உரலுக்கு நான் அளந்து போடுறேன். மொக்கைச்சாமி மகள் கைராசி எப்பிடின்னு பாருங்களேன்."

அய்யம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கையில் தராசு இல்லை, எழுதுகிற பென்சிலும் இல்லை. பிள்ளைகள் வந்து கதவிடுக்கில் தலையை நீட்டின.

"உங்கய்யா மாதிரி வாய்விட்டுச் சொல்லணும். முணுமுணுன்னு சொன்னா ஆகாது."

"சொல்றேன்."

"சரி, வா. காலை நனைச்சுட்டு வா."

வந்துவிட்டாள். கோம்பையில் ஒரு வீடு. பூமாரிக்கு மேல் மூச்சு வாங்கியது. அய்யம்மாள் முந்தினநாள் கூலிக்கு வாங்கிய கம்பைச் சொளகில் கொண்டுவந்து வைத்தாள். பூமாரி படியை நிறைத்து, தலை தட்டி, உரலில் கவிழ்த்தாள்.

"லாபம்."

"அப்பிடித்தான். உங்கய்யா குரலேதான்" என்றாள் அய்யம்மாள். பிள்ளைகள் சிரித்தன.

பூமாரி படியை அடுத்த அளவுக்கு நீட்டினாள். சொளகில் ஒன்றும் இல்லை. அய்யம்மாள் உலக்கையை எடுத்துவிட்டாள்.

"அடுத்தது, அக்கா?"

"அடுத்தது என்ன? அம்புட்டுத்தான்."

"ஆறு பேருக்கும்?"

"லாபம்னு சொல்லித்தானே போட்ட. பெருகும், போ. எனக்கு அறுப்புக்கு நேரமாச்சு."

அந்தப் பதிலை நின்று யோசிக்கப் பூமாரிக்கு நேரம் இல்லை. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "அய்யம்மாவுக்கு மட்டுந்தான் கைராசியா? எங்க உரலு என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றாள். அங்கிருந்து வண்டிக்காரர் வீடு. அங்கிருந்து ஆட்டுக்காரர் வீடு. ஒருத்தி வீட்டுக்குப் போய் இன்னொருத்தி வீட்டுக்குப் போகாவிட்டால் கோபம். தராசைக் கண்டு கதவைச் சாத்தின தெரு, படியைக் கண்டு பாயை விரித்தது.

"எங்க வீட்டுக்கு எப்ப வருவ?" என்று ஒருத்தி வழிமறித்தே கேட்டாள்.

"உரலைத் துடைச்சு வைங்க. வந்துட்டேன்."

மத்தியானம் சாய்ந்த பிறகுதான் கரியில் ஓடுகிற பஸ் புகையோடு வந்து நின்றது. உலகச் சண்டை முடிந்து வருஷம் திரும்பியும் பெட்ரோல் பஞ்சம் தீரவில்லை. ஜெபராணி இறங்கினார். வெள்ளைச் சேலை முழுதும் கரிப்பொட்டு. பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இவ்வளவு தெற்கே வருவது இதுதான் முதல் தடவை.

"மிஸ், மேட்டுல எறங்கித் தள்ளினீங்களா?"

"நான் தள்ளலைம்மா. உள்ளே உட்கார்ந்து தள்ளினவங்களுக்காக ஜெபம் பண்ணினேன். சரி, நீ எத்தனை வீடு முடிச்சிருக்கே?"

"காலையில வரைக்கும் ஒண்ணும் இல்லை மிஸ்."

ஜெபராணியின் முகம் விழுந்தது.

"இப்ப ரெண்டு தெரு."

சாப்பாடு ஆனதும் ஜெபராணி பேனாவைத் திறந்து உட்கார்ந்தார். மொக்கைச்சாமி காட்டிலிருந்து சாப்பிட வந்தவர், கட்டிலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். தூங்குகிறார் என்று யாரும் நம்பவில்லை.

"சொல்லு, பூமாரி. ஒவ்வொரு வீடா."

"வண்டிக்காரர் வீடு. அஞ்சு பேர். ரெண்டு."

"அடுத்து?"

"கொல்லர் வீடு. எட்டுப் பேர். மூணு."

"அடுத்து?"

"அய்யம்மாள் வீடு. ஆறு பேர். லாபம்."

ஜெபராணி எழுதினார்.

"ஆட்டுக்காரர் வீடு. ஏழு பேர். லாபம்."

அதையும் எழுதினார். இப்படியே போயிற்று. காலையில் கத்திக் கத்திப் பூமாரியின் நாக்கு அதிலேயே பழகிவிட்டது. தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் ஜெபராணி பேனாவை மூடினார்.

"ஒண்ணு கேக்கறேன். ஊர் ஊரா ரேஷன் கடையில நிக்கிற காலம். இந்த வீட்டுக்காரங்கள்லாம் இருக்கிற தானியத்தை லாபத்துக்கு வித்துட்டு எதைச் சாப்பிடறாங்க?"

கர்ணன் குடித்த மோர் மூக்கில் ஏறியது. மாயக்காள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். கட்டிலில் துண்டு கூடக் குலுங்கியது.

"டீச்சரம்மா, அய்யம்மா வியாவாரம் பண்றாளாம்" என்றான் கர்ணன் மூக்கைத் துடைத்தபடி. "செட்டியார் கேட்டா கடையைச் சாத்திருவாரு."

"என்ன சொல்றீங்க, எனக்குப் புரியலையே" என்று ஜெபராணியும் சேர்ந்து சிரித்தார்.

பூமாரி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"மிஸ், லாபம்னா ஒண்ணு. மொதப் படியை இங்கன ஒண்ணுன்னு சொல்ல மாட்டாக. ஒண்ணுன்னு சொன்னா, அது ஒண்ணோடவே நின்னு போயிரும்னு..."

அவள் நின்றுவிட்டாள்.

"சொல்லும்மா."

"நின்னு போச்சு மிஸ்."

அடுப்படியில் மாயக்காளின் சிரிப்புச் சத்தமும் நின்றது.

"லாபம்னு நான் சொன்ன வீடெல்லாம் ஒரு படி மிஸ். ஆறு பேருக்கு ஒரு படி. ஏழு பேருக்கு ஒரு படி. காலையில போடும்போது எனக்கே அது உறைக்கலை. லாபம், லாபம்னு கத்திக்கிட்டே போட்டேன். அந்த வீடுகள்ல ரெண்டுன்னு சொல்றதுக்கு எனக்கு வாய்க்கவே இல்லை."

ஜெபராணி எழுதியதை அடித்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக ஒன்று என்று போட்டார். பாதித் தெரு ஒன்று. பேனாவை வைத்தவர் பூமாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இதைத்தான் தேடி வந்தேன். மலையில் அந்த இடம் உனக்குத்தான். நாளைக் காலைப் பஸ்ஸில் என்னோடயே புறப்படணும். தாமதிச்சா இடம் போயிடும்."

பூமாரி கட்டிலைப் பார்த்தாள். மொக்கைச்சாமி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, அய்யம்மாக்கா உள்ள விட்டு அளக்கச் சொன்னாக. நீங்க சொன்ன ஒரு வீடு."

அவர் வாசலுக்கு வெளியே கையை நீட்டினார்.

"கீழ பெரியாத்துத் தண்ணி பாயுது. மேல மலையில மழை நிக்கிறதில்லை. இந்தப் பள்ளத்தாக்குல பசியா? அய்யம்மா தெனமும் என் காட்டுக்கு வர்றா. ஒரு நாள் பசிக்குதுன்னு சொல்லியிருப்பாளா?"

"அவுக சொல்ல மாட்டாக அய்யா. லாபம்னுதான் சொல்வாக."

"அந்தப் படியை அவளுக்கு அளந்தது யாரு தெரியுமா?"

"தெரியும் அய்யா."

"நான்."

"ஆமா அய்யா."

மொக்கைச்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டார். செருப்பை மாட்டினார். காட்டைப் பார்த்து நடந்துவிட்டார். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

"கோவமா?" என்றார் ஜெபராணி மெதுவாக.

"தெரியலை மிஸ். கோவம்னா கத்துவாக. கத்தலை."

"அப்ப நாளைக்கு?"

"அதையும் சொல்லலை."

"எனக்கென்னமோ ஆதித்தன் மாப்பிள்ளை முறுக்கு மீசையை முறுக்குறது இங்கன வரைக்கும் கேக்குது" என்றான் கர்ணன். பூமாரி திரும்பிப் பார்த்த பார்வையில் அவனும் எழுந்து காட்டுக்குப் போய்விட்டான்.

பொழுது சாயும் நேரம். பூமாரியால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஜெபராணியையும் கூட்டிக்கொண்டு களத்துக்குப் போனாள். மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. அறுப்புக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து முந்தானையை விரித்திருந்தார்கள். கம்புக் குவியலின் பக்கத்தில் மொக்கைச்சாமி படியோடு நின்றார். மகளைப் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி குனிந்தார்.

வரிசையில் முதல் ஆள் அய்யம்மாள்.

"லாபம்."

வழக்கமான குரல்தான். அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல். படி அய்யம்மாளின் முந்தானையில் விழுந்தது. அவள் முந்தானையைச் சேர்த்து முடிந்துகொண்டு எழுந்தாள். எப்போதும் அப்படித்தான், லாபம் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்துவிடுவது அவள் கால்களுக்குப் பழக்கம்.

"ரெண்டு" என்றார் மொக்கைச்சாமி.

படி கவிழ்ந்தது. ஏந்த முந்தானை இல்லை. கம்பு தரையில் கொட்டியது.

கர்ணன்தான் வாயைத் திறந்தான்.

"அய்யா, கணக்கு தப்புதே."

"தப்பலை."

"மொதக் கூலிக்காரி. நாள் கூலி ஒரு படிதானே..."

"ஏலே, படி உன் கையிலயா இருக்கு, என் கையிலயா?"

அய்யம்மாள் சிந்தின கம்பையும் மொக்கைச்சாமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கத்தா எந்திரிச்சுப் போற? இன்னும் அளந்து முடிக்கலை. உக்காரு. கூட்டி அள்ளு."

"அய்யா, இது ஒரு நாளைக்கா, தெனமுமா?" என்று கேட்டாள் அய்யம்மாள். சும்மா கேட்கவில்லை, குரலில் கண்டிப்பு இருந்தது.

மொக்கைச்சாமி படியைக் குவியலில் ஊன்றினார்.

"அறுப்பு இருக்கிற வரைக்கும் ரெண்டு. அப்புறம் களையெடுப்புக்கு என்னன்னு உக்காந்து பேசுவோம். இப்பக் கம்பை அள்ளு, கோழி வருது."

அய்யம்மாள் உட்கார்ந்து அள்ளினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களெல்லாம் முந்தானையை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொண்டார்கள். அடுத்த ஆளுக்கு லாபம், ரெண்டு. அதற்கடுத்த ஆளுக்கு லாபம், ரெண்டு. மொக்கைச்சாமியின் குரல் ஏறிக்கொண்டே போனது.

வரிசை முடிந்ததும் படியை மகள் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு உன் பஸ்ஸு எப்ப?"

"வெள்ளனே அய்யா."

"தராசை எடுத்துக்க. மறந்துட்டுப் போயிராத. மலையில எலிக்கு லாபம்னு சொன்னாப் புரியாது."

பூமாரி சிரிக்கவா அழவா என்று தெரியாமல் படியை நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். ஜெபராணி கும்பிட்டார், மொக்கைச்சாமி வெட்கப்பட்டுக் குவியலைக் கூட்டப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே பேச்சு. எலி எந்த நிறம், மலையில் குளிர் எப்படி, கம்பு தின்ற எலி வளருமா, நெல்லுச்சோறு தின்ற எலி வளருமா. "கம்பு தின்ற எலிதான். பந்தயம் கட்டுறேன்" என்றான் கர்ணன். "நம்ம குலுக்கை எலி ஒண்ணைப் பிடிச்சுத் தர்றேன், கூட்டிக்கிட்டுப் போ."

வாசலில் கால் வைத்ததும் பூமாரிக்கு மணம் வந்தது. வெல்லப்பாகு. ஏலக்காய்.

மாயக்காள் அடுப்படியில் புதுப்பாய் விரித்து, குலுக்கையிலிருந்து இறக்கின நெல்லரிசியை அளந்துகொண்டிருந்தாள். தன் படி மகளிடம் இருந்ததால் பக்கத்து வீட்டுப் படி.

"அஞ்சு... ஆறு... ஏழு..."

"ஆத்தா, அய்யா சரின்னுட்டாக. நாளைக்கு நான் மலைக்குப் போறேன்."

"எட்டு... ஒம்பது..."

"ஆத்தா, யாருக்கு இம்புட்டு அரிசி?"

மாயக்காள் நிமிரவில்லை. மகள் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்ற புருஷனையும் பார்க்கவில்லை.

"நீங்க எல்லாரும் பஸ்ஸு வெள்ளனே வருதுன்னு சொல்றீக" என்றாள். "முந்தாநாளே நான் கம்பத்துக்கு ஆள் விட்டுட்டேன். பரிசத் தட்டோட என் அண்ணன் வண்டி, பஸ்ஸுக்கு முன்னால வந்துரும்."

அடுத்த படியை நிறைத்துத் தலை தட்டினாள்.

"பத்து."